ஆயுத பூஜையும் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கொம்பும்

உத்திரமேரூர்,
விசுவாவசு ஆண்டு, புரட்டாசி 23, வியாழக்கிழமை
9.10.2025

மைத்துனன் சிரஞ்சீவி கதிர்வேலுக்கு, மாமா லோகநாதன் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் ஞானசுந்தரியும் மாத்திரைகளின் துணையுடன் நலம். பெங்களூருவில் நீயும் நலமென்றே கொள்கிறேன், இல்லையெனில் 2.9.2025 அன்று தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசியபோது அதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டாய். இப்போது போனில் பேசாமல் கடிதம் எழுதுவானேன் என்று நினைப்பாய். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தவன் நான். வாய்ச்சொல்லை நம்பிக் கெட்டவர்களை வரிசையாகப் பார்த்தவன். தவிரவும், எழுத்தில் கொடு என்பது உன் அக்காளின் உத்தரவு.

இத்தனைக்கும் மூல காரணம் நீ. 17.5.2009 ஞாயிற்றுக்கிழமை, தாய்மாமன் என்கிற உரிமையில், பதினோரு வயதுப் பெண்ணைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, பாவாடை சட்டை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, டிரம்பெட் வாங்கித் தந்தவன் நீ. அந்த டிரம்பெட்தான் வளர்ந்து ஹார்ன் என்னும் வளைந்த பித்தளைக் கொம்பாகி, நம் சுபாஷ்ரீயை ஜெர்மனிவரை கொண்டுபோயிற்று. போகட்டும், அங்கே எத்தனையோ இசைக்குழுக்கள் இருக்க, இவள் போய்ச் சேர்ந்திருப்பது ஒரு விசேஷமான குழுவில். எண்பது பேர் கூடி ஒன்றேகால் மணி நேரம் வாசிக்கிற பெரிய சிம்பொனிகளை, அவை எழுதப்பட்ட காலத்து வாத்தியங்களில் மட்டுமே வாசிப்பது என்று விரதம் பூண்ட குழு. 1894இல் எழுதிய சிம்பொனி என்றால் வாத்தியமும் அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும். குழுவினர் இவளிடம் ஒப்படைத்திருக்கும் கொம்பு 1894ஆம் ஆண்டுக்கு உரியது. அது மூன்று இடங்களில் நசுங்கியிருக்கிறது. அந்த நசுங்கலையும் நீக்கக்கூடாதாம்.

"இன்னாடி ஊரு அது? அவ்ளோ பணம் கீற ஊர்ல புதுசா ஒண்ணு வாங்க வக்கில்லையா?" என்று உன் அக்காள் கேட்டாள். புதுக் கொம்பு சத்தத்தில் எல்லாரையும் அமுக்கிவிடும், பழையதில்தான் பக்கத்திலிருப்பவரின் வயலினும் கேட்கும், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம் இருக்கும் என்று பெண் பொறுமையாக விளக்கினாள். நகல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மூலப்பத்திரம் மூலப்பத்திரம்தான் என்பதால் எனக்கு இது உடனே புரிந்துவிட்டது; புரிந்ததை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வயலின்களின் தந்தி ஆட்டுக்குடலில் செய்வது என்றும் சொல்லிவைத்தாள். மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீடு இது. உன் அக்காள் அன்றிரவு சாப்பிடவில்லை.

பெண் விடுப்பில் வந்து இறங்கியது 12.9.2025 வெள்ளி. 15.9.2025 திங்கள் காலை ஐந்தரை மணிக்கு முதல் சாதகம். மூச்சைப் பிடித்து ஒரே சுரத்தை நீட்டி, நிறுத்தி, மறுபடி நீட்டுவதுதான் சாதகமாம். விடியற்காலையில் ஒரு வீட்டிலிருந்து அப்படி ஓர் ஓசை வந்தால் நம் ஊரில் என்ன பொருள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பச்சமுத்து எட்டிப் பார்த்து விசாரித்திருக்கலாம்; துக்க வீட்டில் விசாரிப்பது அநாகரிகம் என்று கருதி நேராகப் போனை எடுத்திருக்கிறார். ஒன்பது இருபதுக்கு, காவாந்தண்டலத்திலிருந்து என் பெரியப்பா மகன் முத்துகிருஷ்ணன் ஆறு பேருடன் ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஆளுயர ரோஜா மாலை. நான் வாசலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா லோகு, நீ குந்திக்கினு கீற? அப்ப யாரு?" என்றார்.

அதற்குள் உன் அக்காள் காபியுடன் வெளியே வந்தாள்.

"ரெண்டு பேரும் கீறீங்களா!" என்றார் முத்துகிருஷ்ணன். வேலையைப் போட்டுவிட்டு வந்தவரின் குரல் அது. மாலையைத் திருப்பி எடுத்துப் போவது ஆகாது, எனக்குப் போடுவது அதைவிட ஆகாது என்று அரை மணி நேரம் ஆலோசித்து, கடைசியில் 11.3.1987இல் காலமான என் தந்தையாரின் படத்துக்குச் சாற்றினோம். ஏழு பேரும் நாஷ்டா முடித்துக்கொண்டுதான் புறப்பட்டார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழுவில் இவள் இதுவரை தற்காலிகம். ஓரிடம் நிரந்தரமாகக் காலியாகியிருக்கிறது. ஒரு சிம்பொனியின் மெதுவான பகுதியில் கொம்பு தனித்து ஒலிக்கும் நான்கு நிமிடத்தை, அதே பழைய கொம்பில் ஊதிப் பதிவுசெய்து, 1.10.2025 புதன் மாலை ஆறு மணிக்குள், அதாவது நம் நேரம் இரவு ஒன்பதரைக்குள் அனுப்ப வேண்டும். அன்று என்ன நாள்? ஆயுத பூஜை. முதல் நாளே உன் அக்காள் குத்துவிளக்கோடு சேர்த்து அந்தக் கொம்பையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். நூற்று முப்பத்தோரு ஆண்டுகள் படிந்த கருமை முற்றத்துச் சாக்கடையில் போயிற்று. "கறுத்துப் போய்க் கெடந்தத பளபளன்னு ஆக்கிக் குட்த்தா அதுக்கு ஒரு கூப்பாடா?" என்பது அவள் வாதம். மறுநாள் அதைத் தையல் இயந்திரத்துக்கும் மிக்ஸிக்கும் நடுவில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூச்சுற்றி, கற்பூரம் காட்டியாயிற்று. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலைவரை யாரும் தொடக்கூடாது.

"அம்மா, இன்னிக்கே அனுப்பணும்மா."

"சரஸ்வதிகிட்ட வச்சதைப் பிடுங்கி ஊதுவியா? நாளைக்குக் காலைல எட்த்துக்க. அந்தக் கிழட்டுக் கொம்புக்காக நூத்தி முப்பது வருஷம் பொறுத்தவங்க ஒரு நாள் பொறுக்க மாட்டாங்களா?"

என்னைப் பார்த்தாள் பெண். வழக்கம் வழக்கம்தான் என்று நான் திட்டமாகச் சொல்லிவிட்டேன். கெடு அன்றிரவோடு முடிந்தது. அந்த அத்தியாயமும் முடிந்தது.

ஆகவே நீ செய்ய வேண்டியது: தீபாவளிக்கு முதல் நாள், 19.10.2025 ஞாயிறன்று, வருகிறாய் அல்லவா, அப்போது தாய்மாமன் என்ற முறையில் பெண்ணுக்கு எடுத்துச் சொல். வாலாஜாபாத் ரைஸ் மில் தமிழரசன் வீட்டார் தம் மகன் கோகுல்ராஜுக்காக 26.10.2025 ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. வாத்தியம் எதுவும் வாசிப்பதில்லை. அதற்குள் கொம்பை மூட்டைகட்டிக் குழுவுக்கே அனுப்பிவிட வேண்டும். இது எங்கள் இருவரின் ஒருமித்த முடிவு.

உன் இல்லத்தாளுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. உங்கள் வீட்டில் எப்போதும் விளக்கெரியட்டும், யாரும் எதுவும் ஊதாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
அ. லோகநாதன்

பி.கு.: மேலே கண்டதை உன் அக்காள் படித்துப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். இனி எழுதுவது உண்மை. 1.10.2025 பிற்பகல் மூன்று மணிக்கு அவள் தாம்பூலத்துடன் சாலவாக்கத்துக்குக் கிளம்பியதும், கொம்பைப் பூஜையிலிருந்து எடுத்தவன் நானே. பெண் தயங்கினாள், நான் தயங்கவில்லை. மாலை போட்டு நின்ற ஸ்கூட்டரையும் எடுத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, இருவரும் ஏரிக்கரைக்குப் போனோம். என் செல்போனில் பதிவு. முதல் முறை ஒரு டிராக்டர் குறுக்கிட்டது. இரண்டாம் முறை நான் இருமினேன். மூன்றாம் முறை யாரும் எதுவும் செய்யவில்லை. இறுதியில் மூக்கை உறிஞ்சும் ஓசை ஒன்று கேட்கும், அது ஜலதோஷம். 4.52க்கு அனுப்பிவிட்டு, அவள் திரும்புமுன் கொம்புக்கு மறுபடி பொட்டிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். நேற்று, 8.10.2025, பதில் வந்துவிட்டது: இடம் அவளுக்கே. 24.10.2025 விமானம். இதை உன் அக்காளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ வந்து சொல். பெண்ணுக்கு எடுத்துச் சொல்லச் சொன்னதை அடித்துவிட்டதாகக் கொள்க. கோந்து காலி, கடைக்குப் போய் வாங்கிவந்து உறையை ஒட்ட வேண்டும்.

தம்பி கதிரு, அக்கா எழுதறேன். உங்க மாமா கோந்து வாங்கப் போயிட்டாரு, கடுதாசி மேசமேலயே கெடக்குது; அவரு வர்றதுக்குள்ள சோத்துப் பருக்கைய வச்சி நானே உறைய ஒட்டிடுவேன். அன்னிக்கி சாலவாக்கம் பஸ்ஸு போவல; டிரைவரு பஸ்ஸுக்குப் பூஜ போட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டானாம். ஏரிக்கரை வழியாத்தான் திரும்பி நடந்து வந்தேன். கருவேல மரத்துக்குப் பின்னாடியே நின்னு முழுசும் கேட்டேன். மறுநாள் பாத்தா, நான் மூணு பொட்டு வச்ச கொம்புல அஞ்சு பொட்டு கீது. அவரா வந்து சொல்றாரான்னு எட்டு நாளா வாயத் தொறக்காம பாத்துக்கினு கீறேன். வாலாஜாபாத்காரங்களுக்கு நானே போன் பண்ணி வேணாம்னுட்டேன். அவருகிட்ட சொல்லாத, இன்னும் ரெண்டு நாளு தவிக்கட்டும். நீ தீபாவளிக்கு வர்றப்ப பொண்ணுக்கு நல்லா கனமா ஒரு ஸ்வெட்டர் வாங்கியா. அங்க ரொம்பக் குளிராம்.