ஆம்ப்ளிஃபையரின் முனகலும் உன் அத்தையின் பெட்டியும்

அன்புள்ள மருமகப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. காதைத் தவிர இங்கே நான் நலம். அங்கே நீயும் உன் ரேடியோ ரிப்பேர்க் கடையும் நலம்தானே?

ஹாலில் நான் என் கையாலேயே டிவியோடு இணைத்துப் பாட்டுக்காக மாட்டிய ஆம்ப்ளிஃபையர் ஒரு மாதமாக நோயாளி மாதிரி முனகிக்கொண்டிருந்தது. போதாததற்குப் பக்கத்துத் தெரு டாக்சி ஆபீஸின் ஒயர்லெஸ் வேறு. உன் அத்தை பாட்டுக் கேட்க உட்கார்ந்தால், "நாலாம் நம்பர், எங்கய்யா இருக்கே?" என்று ஒருவன் ஸ்பீக்கருக்குள்ளிருந்து அதட்டுவான். போன வாரம் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். "இந்த இரைச்சல் நிக்கிற அன்னிக்குச் சொல்லியனுப்புங்க, வர்றேன்" என்று தன் அக்கா வீட்டுக்குப் போனவள்தான். நானே சமைத்து நானே சாப்பிட்டதில் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

மின்சாரத்துக்கு என்னைக் கண்டால் பயம் என்பது ஊருக்கே தெரியும். எர்த் ஒயரைக் கழற்றினால் முனகல் நிற்கும் என்று நானே ஆராய்ந்து கண்டுபிடித்தேன். நிற்கவும் செய்தது. சந்தோஷத்தில் குமிழைத் தொட்டேன், ஷாக் என்னைத் தூக்கி வாசல்வரை வீசியது. சரி, சோபாவரை. ஒயரை மறுபடி மாட்டினேன், முனகலும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

போனில் நீ கேட்டாய்: "மாமா, கரண்ட் ஒயரையும் பாட்டு ஒயரையும் சேர்த்துக் கட்டியிருக்கீங்களா?" கட்டுவதா? அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே சடையாகப் பின்னி, மிச்சம் முப்பது அடியைச் சுருட்டி சோபாவுக்கடியில் தள்ளியிருந்தேன். "அது ஒயர் இல்ல மாமா, டாக்சிக்காரனை இழுக்கிற ஆன்டெனா!" என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் இரண்டு நாள் முதுகு ஒடியக் குனிந்து சடையைப் பிரித்தேன், மிச்சத்தை நறுக்கினேன், நீ சொன்னபடி டிவியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே பிளக் பலகையில் செருகினேன். முனகல் போயிற்று, டாக்சிக்காரனும் போனான். இப்போது எறும்பு நடந்தால்கூடக் கேட்கும். உன் அத்தையும் இன்று காலை வந்து இறங்கினாள். எல்லாம் என் மூளைதான் என்று வெளியே சொல்லியிருக்கிறேன், நீ மறுத்துப் பேசாதே. இனி நீ சிரமப்பட்டு வரவும் வேண்டாம்.

ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் கோலைப் பிடிக்கும் உன் கை நடுங்காமல் நூறு வயது இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மின்சாரத்தை அடக்கிய மாமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அத்தை பாட்டுப் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிச் சரிசெய்தேன் என்பதை ஒன்றுவிடாமல் விளக்கினேன். "அந்த இரைச்சல் இருந்தப்போ நீங்க பேசறது பாதிதான் காதுல விழுந்துச்சு. இப்ப முழுசா விழுது" என்று எழுந்துபோய், பிரிக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். மருமகனே, உடனே புறப்பட்டு வா. டாக்சிக்காரன் வேண்டாம். என் குரல் மறையுமளவுக்கு ஆம்ப்ளிஃபையர் முனகினால் போதும்.