பாண்டியனின் இருமலும் பெரியப்பாவின் விசிலும்

ராஜகீழ்ப்பாக்கம்,
15 நவம்பர், சனிக்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் அன்பான பெரியப்பா தனசிங் அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் ஜீவிதா, ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. பெங்களூரில் ஜெரூஷா அக்கா வீட்டில் உங்கள் புது முழங்கால் நன்றாக மடங்கி நீள்கிறது என்று கேள்விப்பட்டோம். சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்பா சுகம், அம்மா சுகம், நானும் சுகம். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், இந்த வீட்டில் சுகமில்லாத ஒருவன் மட்டும் பட்டியலில் விடுபட்டிருக்கிறான். நீங்கள் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ரயிலின் பெயரைத் தாங்கி, எங்களை நம்பி நீங்கள் விட்டுப்போன நாய் பாண்டியனுக்கு இருமல் வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது.

இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. “போன்ல ஒரு வார்த்தை வாய்ல வரக்கூடாது ஜீவி. அண்ணனுக்குத் தெரிஞ்சா தையல் பிரிஞ்சாலும் பரவால்லன்னு கெளம்பி வந்துருவாரு” என்றார். நானும் வாக்குக் கொடுத்தேன். ஆனால் அந்த வாக்கு போனுக்கு மட்டும்தான். கடிதத்தைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. இந்த நியாயம் எனக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பாண்டியன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அவனை எப்படிச் சாப்பிட வைப்பது என்று உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். மேலே படிப்பதற்கு முன் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, படித்ததும் எழுந்து நடக்காதீர்கள். இரண்டாவது, டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடியாமல் ரயில் ஏறாதீர்கள். மூன்றாவதை இப்போதே சொன்னால் உங்களுக்குக் காரணம் புரியாது, கடைசியில் சொல்கிறேன்.

தீபாவளி முடிந்து நாலாம் நாள் பள்ளியிலிருந்து வந்தபோது பாண்டியன் கழுத்தை நீட்டி, தொண்டையில் ஏதோ சிக்கியதைப் போல் ‘க்ஹாக், க்ஹாக்’ என்று செய்துகொண்டிருந்தான். அம்மா மதியம் சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தார். ஆகவே அது முள்தான் என்று முடிவு செய்து, நமக்கு முள் சிக்கினால் செய்வதுபோல் சோற்றை உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தார். பாண்டியன் விழுங்கினான், மறுபடி இருமினான். இன்னொரு உருண்டை, இன்னொரு இருமல். ஏழாவது உருண்டையில் அப்பா, “ஹெப்சி, அவன் உருண்டைக்காகத்தான் இருமுறான்” என்றார். மறுநாள் கால்நடை மருத்துவர் சுபத்ராவிடம் கூட்டிப்போனோம். அவர் தொண்டையை லேசாக ஒரு அழுத்து அழுத்தினார், உடனே அதே சத்தம் வந்தது. “முள்ளும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. நாய்ங்களுக்கு வர்ற தொத்து இருமல். இந்த வாரத்துல மட்டும் இது ஒம்பதாவது கேஸ். மூச்சுல பரவும், பாத்திரத்துல பரவும், கயித்துல பரவும். இருமல் நின்னப்புறமும் ரெண்டு வாரம் தனியா வைங்க. மனுஷங்களுக்கு வராது, பயப்படாதீங்க” என்றார். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று முதல் பாண்டியன் பின்கட்டில் தனிமையில் இருக்கிறான். அவனுடைய எவர்சில்வர் கிண்ணத்தை ஒருநாளைக்கு இரண்டு முறை வெந்நீரில் கழுவினேன். மற்றபடி நீங்கள் எழுதி வைத்துப்போன பதினேழு விதிகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. குறிப்பாக நான்காவது விதி. காலை ஆறேகால், மாலை ஆறேகால், வாசல் சிமெண்ட் தொட்டியை நிரப்ப வேண்டும், ஒரு நீண்ட விசில் ஊத வேண்டும், முதலில் தெரு குடிக்கட்டும், பிறகு வீடு சாப்பிடட்டும். பத்து வருடமாக நீங்கள் ஊதியதில் பாண்டியன் விசில் கேட்டால் ஒழிய வாய் வைக்க மாட்டான். தெருவில் உள்ள பதினோரு நாய்களும் விசில் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவந்துவிடும். உங்கள் பழைய எவர்சில்வர் விசிலை நான் ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லாமல் ஊதினேன். ஒரு ரயிலும் அவ்வளவு சரியாகப் புறப்பட்டிருக்காது.

நோய் தெருவுக்குள் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வரைபடம் போட்டேன். முனை வீட்டுக்காரர்கள் தீபாவளிக்கு ஊட்டிக்குப் போகும்போது அவர்கள் ப்ரூனோவைக் கேளம்பாக்கம் பக்கம் ஒரு நாய் விடுதியில் விட்டுப்போனார்கள். திரும்பி வந்ததிலிருந்து ப்ரூனோ இருமியது. அதுவரை சரி. ஆனால் சங்கிலியிலேயே இருக்கும் ப்ரூனோவிடமிருந்து மற்ற நாய்களுக்கு எப்படிப் போனது? ஐந்து, ஏழு, ஒன்பது என்று என் நோட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. எதிர்வீட்டு கங்கையம்மாள் ஆன்ட்டியின் டெம்போவுக்கு அடியில்தான் நாய்கள் படுக்கின்றன. ஆகவே நான் அவரிடம் போய், “ஆன்ட்டி, உங்கள் டெம்போதான் இந்த நோயின் ஊற்றுக்கண்” என்று பணிவாகத் தெரிவித்தேன். அவர் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா பாப்பா சொல்ற? என் வண்டியா இருமுது? உங்க வூட்டு நாயி பின்னாண்ட குந்திகினு இருமிகினு கீது, அது தெருவுக்கே கேக்குது. உங்க பெரிப்பா ஊர்ல இல்ல, ஆனா விசில் மட்டும் டயத்துக்கு டான்னு வருது. போய்ப் படிக்கிற வேலையப் பாரு கண்ணு.”

அவர் விசிலைப் பற்றிச் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. ஒரு துப்பு கைக்கு வந்தும் கோபத்தில் தவறவிட்டேன்.

இதற்கிடையில் அப்பா சுகமாக இருந்தும் நோயாளியான கதையைச் சொல்ல வேண்டும். நீங்கள் தினமும் ஆறரைக்கு வீடியோவில் வருவீர்கள். பின்கட்டிலிருந்து பாண்டியன் இருமுவான். அது உங்களுக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று அப்பா அவனைவிடச் சத்தமாக இருமுவார். முதல் நாள், “தண்ணி மாறிடுச்சாடா யேசு?” என்று கேட்டீர்கள். பிறகு கஷாயம் சொன்னீர்கள். மூன்றாவது வாரம் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னீர்கள். அப்பா எல்லாவற்றுக்கும் “சரிண்ணே” என்று சொல்லி இன்னும் இரண்டு முறை இருமுவார். ஆனால் நீங்கள் பெங்களூரிலிருந்தபடியே நம் ஆயருக்கு ஜெப விண்ணப்பம் அனுப்புவீர்கள் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

போன ஞாயிறு ஆராதனையில் ஆயர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, “நமது சகோதரர் யேசுதாசன் மூன்று வாரமாக விடாத இருமலால் மிகவும் வேதனைப்படுகிறார், அவருடைய சுவாசப்பைக்காக ஒருமனப்பட்டு ஜெபிப்போம்” என்று வாசித்தார். நாலாவது பெஞ்சில் சற்றுமுன்வரை உரக்கப் பாடிக்கொண்டிருந்த அப்பா, என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்து ஒருமுறை இருமினார். அந்தப் பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் ஜெபத்தில் கண்ணை மூடியபடியே நகர்ந்து ஐந்தாவது பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தட்டிக்கொடுத்தார்கள்.

நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். அன்று திருவிருந்து ஞாயிறு. எனக்கு இன்னும் திடப்படுத்தல் ஆகவில்லை, அதனால் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான். பெஞ்சை விட்டு ஓடிய அதே ஐந்து பேர் பீடத்தண்டையில் அப்பாவின் தோளோடு தோள் முழங்காலிட்டார்கள். ஒருவருக்கும் பயமில்லை. ஏனென்றால் திராட்சரசம் ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில். கொரோனாவுக்கு முன் எல்லாரும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில்தான் குடித்தார்கள், அதற்குப் பிறகுதான் மாற்றினார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நான் அந்தத் தட்டில் வரிசையாக நின்ற குப்பிகளைப் பார்த்தேன். பெரியப்பா, அந்த நிமிடம் எனக்கு நம் வாசல் தொட்டி கண்முன் வந்தது. ஊரில் உள்ள எல்லா நாய்க்கும் ஒரே தொட்டி. டாக்டர் பாத்திரம் என்றார், நான் பாண்டியனின் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ப்ரூனோவை நடக்கக் கூட்டிவருபவர் நம் வாசலில்தான் நின்று அதற்குத் தண்ணீர் காட்டுவார். மற்ற நாய்களை ஒருநாளைக்கு இரண்டு முறை அதே தொட்டிக்கு நேரம் தவறாமல் கூப்பிட்டது நான். வரைபடத்தில் எல்லாக் கோடும் நம் வீட்டு வாசலில்தான் சேர்ந்தன. நான் நம் வீட்டை மட்டும் அதில் வரையாமல் விட்டிருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் டெம்போவுக்கு அடியில் மூன்று குட்டிகளில் சின்னது இருமி இருமிச் செத்துப்போயிருந்தது. வெள்ளைக் காது உள்ளது, நீங்கள் பார்த்ததில்லை, நீங்கள் போன பிறகு பிறந்தது. கோயிலிலிருந்து வந்ததும் நான் நேராக கங்கையம்மாள் ஆன்ட்டியிடம் போய், ஊற்றுக்கண் உங்கள் வண்டி இல்லை, எங்கள் தொட்டி, நான்தான் விசில் ஊதினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, “தண்ணி வெச்சது தப்பாம்மா? தெரியாம தான பண்ண. அய்வாத. இந்தா, கொட்டாங்குச்சி கீது, எடுத்துக்கோ. ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா வெச்சிடு” என்று ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார்.

தொட்டியைக் கவிழ்த்து ப்ளீச்சிங் பவுடர் போட்டோம். சுவரோரமாக நாலடிக்கு ஒன்றாகப் பதினோரு கொட்டாங்குச்சி வைத்து, தண்ணீர் ஊற்றி, விசில் ஊதினேன். பதினோரு நாய்களும் வந்தன. பதினோரு நாய்களும் முதல் கொட்டாங்குச்சியிலேயே குடித்தன. அது காலியானதும் எல்லாம் சேர்ந்து இரண்டாவதற்குப் போயின. ஆகவே விசிலையே நிறுத்திவிட்டேன். இப்போது காலையில் பள்ளிக்குப் போகும் வழியில், எந்த நாய் எங்கே படுக்குமோ அங்கங்கே போய்ச் சத்தமில்லாமல் வைக்கிறேன். இந்த வாரம் புதிதாக ஒரு நாயும் இருமவில்லை. மீதி இரண்டு குட்டிகளும் பால் குடிக்கின்றன. பாண்டியனின் இருமலும் செவ்வாய்க்கிழமையோடு நின்றுவிட்டது.

ஆனால் விசில் இல்லாமல் பாண்டியன் சாப்பிட மாட்டேன் என்கிறான். குளியலறைக்குள் கதவைச் சாத்தி, விசில்மேல் துண்டைச் சுற்றி ஊதிப் பார்த்தேன். அதற்கே ஏழு நாய்கள் வாசலுக்கு வந்து கேட் கம்பிக்குள் மூக்கை விட்டன. அம்மாவின் குக்கர் விசிலுக்கு மூன்று நாள் ஏமாந்து சாப்பிட்டான். அந்த மூன்று நாளும் நாங்கள் எட்டு விசில் வைத்த பருப்பைக் குடித்தோம். வியாழக்கிழமை அவனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. இப்போது கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து கதவையே பார்க்கிறான். விலா எலும்பை என்னால் எண்ண முடிகிறது. ஊதினால் தெரு இருமும், ஊதாவிட்டால் இவன் பட்டினி. உங்கள் பதினேழு விதிகளில் விசில் இல்லாதபோது என்ன செய்வது என்று ஒன்றுகூட இல்லை. வேறு வழி ஏதாவது தெரிந்தால் உடனே அம்மா பெயருக்கு எழுதுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் இதுதான். நீங்கள் திரும்பி வரும்போது, தெருமுனையிலிருந்தே விசில் ஊதிக்கொண்டு வரும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அப்பாவை மன்னித்துவிடுங்கள். அவர் உங்கள் மேல் உள்ள பிரியத்தால்தான் இருமினார். வியாழக்கிழமை ஆயரும் நாலு பேரும் ரொட்டியும் நீலகிரித் தைலமும் கொண்டுவந்து வீட்டில் ஜெபித்தார்கள். கட்டிலில் படுத்திருந்த அப்பா ஒவ்வொரு ‘ஆமென்’னுக்கும் ஒரு இருமல் இருமினார். பாவமன்னிப்பு கேட்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஜெரூஷா அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் காலை ஆண்டவர் திடமாக்குவாராக. ஜெபத்தில் எங்களை நினையுங்கள், பாண்டியனை முதலில் நினையுங்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்படியாமலும் அன்போடும்,
உங்கள் மகள் ஜீவிதா

பின்குறிப்பு: உறையில் உங்கள் பெங்களூர் விலாசத்தை எழுதி, பின்கோடில் நாலு எண் போட்டிருந்தேன். மணி ஆறேகால். தெருமுனையில் ஒரு நீண்ட விசில் கேட்டது. என்னுடையது என் மேசைமேல் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று உங்களுக்குக் கொடுத்த பித்தளை விசில் அது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஆட்டோவை முனையிலேயே நிறுத்திவிட்டு நீங்கள் வாக்கரோடு நடந்து வருகிறீர்கள், பின்னால் ஜெரூஷா அக்கா, “அப்பா, கால அழுத்தி ஊணாதீங்கப்பா!” என்று பெட்டியோடு ஓடிவருகிறார். பதினோரு நாய்களும், ப்ரூனோ அறுத்துக்கொண்டு வந்த சங்கிலியோடும், இரண்டு குட்டிகள் தங்கள் அம்மாவோடும், உங்களைச் சுற்றி வாலை ஆட்டி ஒன்றையொன்று நக்கிக்கொள்கின்றன. “யேசு எங்கடா? மூச்சு இருக்கா?” என்று கேட்டீர்கள். அப்பா கையில் பஜ்ஜியோடு வந்து நின்றார். இருமவே மறந்துவிட்டார்.

இப்போது நீங்கள் கூடத்தில் அப்பாவை உட்காரவைத்து அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பின்கட்டில் பாண்டியன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு மறுபடியும் கேட்கிறான். தபால்தலை ஒட்டியாகிவிட்டது, இருந்தாலும் இந்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே தருகிறேன். கோபப்படுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். அதுவரைக்கும் அந்தப் பித்தளை விசிலைக் கொஞ்சம் என்னிடம் கொடுத்து வையுங்கள்.