தேவாங்கு கண்டுபிடிக்காத எண்ணெய்

ஒரு காட்டில், சந்தை கூடும் பாறைக்குக் கிழக்கே, பூவாத்தாள் என்றொரு காட்டுப்பன்றி மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டி வந்தாள். பன்றிக்கு எதற்குச் செக்கு என்று கேட்பவர்கள், மண்ணுக்கு மேலே நின்று மோந்தே எது முற்றல் எது பிஞ்சு என்று சொல்லக்கூடிய வேறொரு பிராணியைக் காட்டிவிட்டுக் கேட்கட்டும். அவள் எண்ணெய் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். அடியில் வண்டல் தங்கும். ஆனால் அதில் வடை சுட்டால், மலைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற நரிகூட இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்.

அவளிடம் ஒரே ஒரு குறை. வாதம் என்று வந்துவிட்டால் விடமாட்டாள். எதிராளி ஒத்துக்கொண்ட பிறகும் பேசிக்கொண்டிருப்பாள். சொல்ல நினைத்ததில் பாதி மிச்சமிருக்கிறதே, அதை என்ன செய்வது?

இப்படியிருக்கையில் புனுகுப்பூனை சந்தனக்குமார் சந்தையில் கடை போட்டார். பரம்பரையாக வாசனை விற்கிற குடும்பம். இவர் மட்டும் எண்ணெயிலிருந்து வாசனையை எடுத்துவிட்டு விற்றார். கண்ணாடிபோல எண்ணெய். மணமில்லை, நிறமில்லை, வண்டலில்லை. புட்டியின்மேல் மட்டும் கொழுகொழுவென்று ஒரு நிலக்கடலைப் படம். மிருகங்களெல்லாம் இதுவல்லவோ நாகரிகம் என்று வரிசையில் நின்று வாங்கின.

பூவாத்தாள் புட்டியைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தாள். சந்தனக்குமாரின் ஆலைக்குள் போன வண்டி எதிலும் கடலை இல்லை. எல்லாம் பருத்திக்கொட்டை. அதுவும் அவள் செக்குக்குப் பக்கத்துத் தோட்டத்தில் முயல் சென்னியப்பன் விளைவித்தது. அந்தப் பருத்தி மரபணு மாற்றிய ரகம். காய்ப்புழு ஒரு கடி கடித்தால் அதுதான் அதற்குக் கடைசிச் சாப்பாடு.

மறுசந்தைக்கு அவள் நேரே பாறைமேல் ஏறிவிட்டாள். அங்கே சந்தைக்குழுத் தலைவர் யானையார் உட்கார்ந்திருந்தார். பெரிய மனசு, பெரிய காது. சின்னச் சின்ன விஷயங்கள் மட்டும் அவர் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை.

"மாத்தின விதை நல்லதா கெட்டதாங்கற பேச்சுக்கே நான் வரலைங்க," என்றாள் பூவாத்தாள். "கடலைன்னு படம் போட்டுப் பருத்தியை ஊத்தினா, திங்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா? மரபணுவைச் சோதிச்சுப் பாருங்க. மாத்தின விதை யாரோட எண்ணெயில இருக்குதோ, அவங்க கடையை மூடட்டும்."

"யாரோடதா இருந்தாலுமா அம்மணி?"

"யாரோடதா இருந்தாலுங்க."

சந்தனக்குமார் மீசையை ஒதுக்கிக்கொண்டு, அம்மணி சொல்வது ரொம்ப நியாயம், என் எண்ணெயையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எதிராளி இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பேச்சு மிச்சமிருந்ததால் யோசிக்க நேரமில்லை.

சோதனை செய்ய ஆலமரப் பொந்தில் ஒரு தேவாங்கு டாக்டர் இருந்தார். உடம்பில் பாதி கண். ஒவ்வொரு செடியும் தன் சாதகத்தைத் தன் ஒவ்வொரு துணுக்கிலும் எழுதி வைத்திருக்கிறது, மாற்றிய விதையின் சாதகத்தில் வெளியார் எழுதிய ஒரு வரி கூடுதலாக இருக்கும், தூசியளவு கிடைத்தாலும் அதை லட்சம் பிரதி எடுத்துப் படித்துவிடுவேன் என்று அவர் விளக்கினார். பூவாத்தாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

தன் எண்ணெயும் சோதனைக்குப் போக வேண்டுமே என்று வீட்டுக்கு வந்தவள் முதல் தடவையாக அதன் வண்டலைப் பார்த்து வெட்கப்பட்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைத் தலைவாரி அனுப்ப வேண்டாமா? வேலிக்கு அந்தப் பக்கம் வெடித்து நின்ற காயிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சைப் பறித்தாள். கொட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புனலில் திணித்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக வடிகட்டிப் புட்டியில் அடைத்தாள்.

முடிவு வாசிக்கிற அன்று சந்தையே பாறையடியில் கூடிவிட்டது. பூவாத்தாளின் புட்டியில் கடலை இருந்தது. அவளுடைய முதுகு ரோமத்தின் சாதகமும் இருந்தது. கூடவே, மரபணு மாற்றிய பருத்தி இருந்தது. சந்தனக்குமாரின் புட்டியில் மாற்றிய பருத்தி கண்டறியப்படவில்லை. சாதாரணப் பருத்தி கண்டறியப்படவில்லை. கடலை கண்டறியப்படவில்லை.

"கடலையும் இல்லையா?" என்றாள் பூவாத்தாள். "அப்புறம் அது எதுல ஆட்டின எண்ணெய்ங்க?"

யானையார் சற்று யோசித்தார். "எதுவுமே இல்லைன்னா, அதைவிடச் சுத்தம் என்ன இருக்குது அம்மணி?"

சந்தை கைதட்டியது. பூவாத்தாள் தேவாங்கின் பக்கம் திரும்பினாள். எண்ணெயைக் கொதிக்க வைத்து, வெளுத்து, ஆவியடித்தால் சாதகமெல்லாம் அழிந்துவிடும். கண்டறியப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, எனக்குக் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்று அவர் மெல்லிய குரலில் சொன்னார். அதற்குள் யானையார் பாறையைவிட்டுப் பாதி இறங்கியிருந்தார். புனலில் வைத்த பஞ்சைப் பற்றி அவள் பின்னாலேயே ஓடி ஓடிச் சொன்னாள். பஞ்சு எப்படி வந்தது என்பது சோதனைக்குத் தெரியாது, வந்திருக்கிறது என்பதுதான் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் செக்குக்கு அரக்கு முத்திரை வைத்தார். விதி அவளே கேட்டு வாங்கியது. யாரோடதா இருந்தாலுங்க.

செக்கு ஓய்ந்தது. உலக்கையில் சிலந்தி குடிவந்தது. ஆட்டாத கடலை மூலையில் முளைவிடத் தொடங்கியது. அந்தச் செக்கைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை. இன்னொரு தடவை, வடிகட்டாமல், அப்படியே கொடுத்துப் பார்க்கட்டுமா என்று தேவாங்கிடம் போய்க் கேட்டாள்.

"சென்னியப்பன் தோட்டத்துக் காத்து உங்க பக்கம் வீசற வரைக்கும், உங்க வண்டல்ல பருத்தி இருக்குமுங்க," என்றார் அவர். "ஒளிச்சு வைக்கத் தெரியாத எண்ணெய்."

அன்றைக்குத்தான் பூவாத்தாளுக்கு அந்த யோசனை வந்தது. இட்லிப்பானை மூடியில் முத்து முத்தாகச் சேர்கிற ஆவித் தண்ணீரை வழித்து வழித்து ஒரு புட்டி நிரப்பினாள். பூவாத்தாள் செக்கு, கடலை எண்ணெய் என்று சீட்டு ஒட்டினாள். இது தேறிவிடும். தேறினதும் சந்தை நடுவில் நின்று, ஐயா, நீங்கள் தேற்றியது வெறும் தண்ணீர் என்று போட்டு உடைத்துவிடலாம். அந்தப் பேச்சை அவள் சிலந்திக்கு முன்னால் திரும்பத் திரும்பப் பேசிப் பழகினாள். நல்ல பேச்சுதான், சிலந்தி வலை பின்னுவதையே நிறுத்திவிட்டது.

தேவாங்கு புட்டியைக் குலுக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய கண்களால் அவளைப் பார்த்தார்.

"இது எண்ணெயான்னு பாக்கறது வேற சோதனைங்க அம்மணி. அதுக்கு இதுவரைக்கும் யாரும் மனு கொடுக்கலை."

கடலைகூடக் கண்டறியப்படவில்லை என்று முடிவு வந்தது. யானையார் மகிழ்ந்துபோனார். பூவாத்தாள் செக்கின் தரம் இவ்வளவு உயரும் என்று தான் நினைக்கவே இல்லை என்று பேசி, சான்றிதழைத் தும்பிக்கையாலேயே நீட்டி, தானே நடந்துவந்து முத்திரையையும் பிய்த்தெறிந்தார்.

பூவாத்தாள் தொண்டையைச் செருமினாள். பேச்சு நாக்கு நுனியில் நின்றது. அப்போதுதான் யானையாருக்குப் பின்னால் பார்த்தாள். முள்ளம்பன்றி, கடமான், மலைக்கு அந்தப் பக்கத்து நரி என்று எல்லோரும் காலித் தூக்குகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். மணமில்லாத வடையைத் தின்று எல்லோருக்கும் முகம் செத்துப்போயிருந்தது.

உண்மையைச் சொன்னால் வாதத்தில் ஜெயிக்கலாம். செக்கு மறுபடி மூடப்படும்.

திறந்த வாயை அவள் மெள்ள மூடினாள். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து, அதே பழைய கலங்கல் கடலை எண்ணெயை ஆட்டி ஊற்றினாள்.

வரிசையின் கடைசியில், தூக்கின்மேல் தேக்கிலையைப் போட்டு மறைத்துக்கொண்டு சந்தனக்குமார் நின்றிருந்தார்.

"வீட்டுக்குங்க," என்றார் தணிந்த குரலில். "நம்ம எண்ணெயில எதைச் சுட்டாலும் குழந்தைங்க தொட மாட்டேங்குதுங்க."

அவள் தூக்கை வாங்கி ஊற்றினாள். அவர் சான்றிதழை ஒரு தடவை படித்துப் பார்த்தார், அதில் கண்டறியப்படாதவற்றின் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு தூக்கை மூடிக்கொண்டார்.

"இப்பத்தான் அம்மணி தொழிலுக்கு வந்திருக்கீங்க."

பதில் சொல்ல முடியாத வாதம் அவள் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

நீதி: நல்ல எண்ணெயை வாணலிக்கு ஊற்று, சோதனைக்குத் தண்ணீரை அனுப்பு.