ஒரு முழப் பாதையில ஒரு கண்டக்டர்

கிறிஸ்மஸ் லீவு பத்து நாள். அந்தப் பத்து நாள்ல நான் உடம்பு பெருக்கக் கூடாது. வேலை அவ்வளவுதான்.

மூட்டை தூக்கச் சொல்லலை. மலை ஏறச் சொல்லலை. இருக்கிற உடம்பு இருக்கிறபடியே இருக்கணும். இதைவிட லேசான வேலை உலகத்துல உண்டா? அதைத்தான் நான் கெடுத்தேன்.

அம்பதுகள் முடிஞ்சு அறுபதுகள் பொறந்த சமயம். தென்காசி, குத்தாலம், செங்கோட்டை லைன் பஸ்ல நான் கண்டக்டர். பதினோரு வருஷ சர்வீஸ். வேலைக்குச் சேர்ந்தப்போ தோல்பையும் நானும் ஒரே கனம். பதினோரு வருஷத்துல பை அப்படியே இருந்துச்சு.

பழைய வண்டியை முதலாளி வித்துட்டாரு. புது வண்டிக்கு ஷெட்டுல பாடி கட்டிக்கிட்டு இருந்தாங்க. அது ரோட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு லீவு. லீவு சொல்லக் கூப்பிட்டவரு, கூடவே ஒரு குண்டையும் போட்டாரு.

“ஞானமுத்து, ஜனவரி ரெண்டாந்தேதி வண்டி ஓடுது. ரெண்டு ஸீட்டு கூடப் போடச் சொல்லிருக்கேன். நடுவுல பாதை ஒரு முழந்தான்.”

“நல்லதுங்க முதலாளி.”

“எனக்கு நல்லதுதான். உம்மை நெனச்சாத்தான் யோசனையா இருக்கு. இப்பமே நீரு நடந்து வந்தா ஸீட்டுல இருக்கவன் ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டுதான்.”

“குறைச்சிருதேன் முதலாளி.”

“குறைக்கல்லாம் வேண்டாம் வே. அது உம்மால ஆகாது. பெருக்காம இரும், போதும். இப்ப இருக்க உடம்புக்கு ஒருக்களிச்சுப் போயிரலாம். இதுக்கு மேல ஒரு விரக்கடை ஏறிச்சுன்னா பஸ் ஸ்டாண்டுல ஸ்டூலைப் போட்டு உக்காந்து டிக்கெட் கிழியும். வண்டிக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”



இப்போ சிரிச்சுக்கிட்டே சொல்றேன். அன்னைக்கு வீட்டுக்கு சைக்கிள்ல வரும்போது கண்ணுல தண்ணி. எந்த அம்மா மேலகரத்துல இறங்குவாங்க, எந்த மாமா காசை மடியில முடிஞ்சுக்கிட்டு சில்லறை இல்லைன்னு சாதிப்பாரு, எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பாதையில நடந்து நடந்துதான் நான் ஒரு ஆளுன்னு ஆனேன். ஸ்டூல்ல உக்காரவா?

வீட்டுக்குள்ள நுழைஞ்சா எண்ணெய்ச் சட்டி கொதிக்குது. என் பொஞ்சாதி சாராள் அச்சுமுறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கா.

“ஏளா, இந்த வருஷம் பலகாரம் வேண்டாம்.”

“என்னது? ஆறு வீட்டுல நம்ம தட்டு வரும்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் மூஞ்சிய எங்க கொண்டு வெக்க?”

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுட்டு ஒரு முறுக்கை எண்ணெயில திருப்பிப் போட்டா.

“அப்ப நீங்க திங்காதீங்க.”

பாருங்க, எவ்வளவு சுளுவா சொல்லிட்டா!

நானும் யோசிச்சேன். வீட்டுல இருந்தாத்தானே திம்பேன்? மொத்தத்தையும் ஊருக்குக் குடுத்துட்டா? வருஷா வருஷம் ஆறு தட்டு போகும். இந்த வருஷம் பதினாறு. அவ சின்னச் சின்னதா வெப்பா. நான் கோபுரமா வெப்பேன். அவளை நம்பக் கூடாது, நானே கொண்டு போவேன்.

“நீங்களா போறீங்க?”ன்னு சாராள் கேட்டா. அதுல ஒரு எச்சரிக்கை இருந்துச்சு. எனக்குத்தான் காது கேக்கலை.

கிறிஸ்மஸ் அன்னைக்குக் காலையில ஆராதனை முடிஞ்சதும் கிளம்பிட்டேன். முதல் தட்டு பக்கத்து வீடு மைதீன் பாய்க்கு. கடையநல்லூர்க்காரரு, கைலி வியாபாரம். தட்டைக் குடுத்துட்டு அப்படியே திரும்பலாம்னு பாத்தா, மனுஷன் கையைப் பிடிச்சுட்டாரு.

“அண்ணாச்சியே வந்திருக்கீங்க! பண்டிகைக்காரரு வாசல்ல நிக்கப்படாது. உள்ள வாங்க.”

உக்கார வெச்சு வட்டலப்பம் குடுத்தாங்க. முட்டையும் தேங்காப்பாலும் கருப்பட்டியுமா வாயில போட்டா தானாக் கரையுது. ஒரு துண்டு தின்னேன். மரியாதைக்கு இன்னொரு துண்டு. கிளம்பும்போது பாயோட பீவி என் தட்டைக் கொண்டு வந்து குடுத்தாங்க. தட்டு நிறைய வட்டலப்பம்.

“வெறுந்தட்டை எப்படிண்ணே குடுக்க?”

அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

வந்த தட்டை வெறுந்தட்டாத் திருப்பக் கூடாதுங்கிறது எங்க பக்கத்துல எல்லா வீட்டுக்கும் உண்டான வழக்கம். எனக்குத் தெரியாததா? ஆனா சாராள் கொண்டு போனா ரெண்டு வாழைப்பழமோ ஒரு பிடி சீனியோ போட்டு அனுப்புவாங்க. இப்போ கண்டக்டரே துவைச்ச வேட்டியோட நேர்ல வந்து நிக்காரு. அதுவும் கோபுரத் தட்டோட! ரெண்டு பழத்தைப் போட்டு அனுப்ப யாருக்கு மனசு வரும்?

சரி, ஒரு வீடுதானேன்னு அடுத்த வீட்டுக்குப் போனேன். சாம்பசிவம் பிள்ளை வீடு. அங்க மார்கழிப் பொங்கல் பொங்கி வெச்சிருக்காங்க.

“இது வீட்டுல பொங்குனது அண்ணாச்சி, கோயில்ல குடுத்தது இல்ல. யோசிக்காம சாப்பிடுங்க.”

நான் எங்க யோசிச்சேன்? நெய்யும் முந்திரியுமா சர்க்கரைப் பொங்கல். யோசிக்கிறதுக்கு முன்னாடியே இலை காலி. தட்டுல அதே பொங்கல் திரும்ப வந்துச்சு.

பதினாறு வீடு. பதினாறு இடத்துல உக்காந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்போ சைக்கிளை நான் தள்ளுறேனா, அது என்னைத் தள்ளுதான்னு தெரியலை. கேரியர்ல பதினஞ்சு தட்டு நிறைஞ்சு நிக்குது; முதலாளி வீட்டுத் தட்டு மட்டும் இன்னும் திரும்பலை.

சாராள் ஒவ்வொரு தட்டா மூடுதுணியைத் தூக்கிப் பாத்தா.

“நாம குடுத்தது முறுக்கும் முந்திரிக்கொத்தும். பத்து நாளானாலும் கெடாது. நீங்க கொண்டு வந்திருக்கது பூராவும் நாளைக்கு ஊசிப் போற சாமான்.”

“அதுக்கு?”

“அதுக்கு இன்னைக்கே தின்னுங்க. சோத்தை வீணாக்குனா பாவம்.”

நான் பாவத்துக்குப் பயந்தவன்.

மறுநாள் காலையில ஒரு புது யோசனை. குத்தாலத்துல பெரிய அருவியில தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அதுக்கு அடியில ஒரு மணி நேரம் நின்னா, அடிக்கிற அடியில சதை கரைஞ்சு சித்தாத்துல போயிராதா? போறதும் நடந்தே போறது. நம்ம வீடு இருக்கிற மேலகரத்துல இருந்து எவ்வளவு தூரம்?

நடந்தே போனேன். எண்ணெய் தேய்க்கிறவரு என்னை ஒரு சுத்து சுத்தி வந்து பாத்தாரு.

“அண்ணாச்சி, ரெண்டு ஆளு எண்ணெய் ஆகும்.”

“தேயும் வே.”

தேய்ச்சாரு. அருவியில நின்னேன். முதுகுல யாரோ மூட்டை மூட்டையா மணலைக் கொட்டுற மாதிரி இருந்துச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு வெளிய வந்தா, உடம்பு பஞ்சு. சதை கரைஞ்சே போச்சுன்னு நெனச்சேன்.

சதை கரையலைங்க. வயித்துல இருந்ததுதான் கரைஞ்சிருக்கு! முந்தாநாள் தின்ன சோறு வரைக்கும் சுத்தம். அப்படி ஒரு பசி. கண்ணு இருட்டுது. கால் தானா ஓட்டல் பக்கம் போவுது.

ஓட்டல்காரரு நம்ம லைன்ல தினமும் வர்றவரு.

“ஏலே, நம்ம கண்டக்டர் அண்ணாச்சி! இலையப் பெருசாப் போடுலே!”

நாலு இட்லி கேட்டேன். கேட்டது நாலுதான். அப்புறம் எண்ணறதை விட்டுட்டேன். கடைசியில அவரே அடுப்படியில இருந்து வந்து கும்பிட்டாரு.

“மாவு தீந்து போச்சு அண்ணாச்சி. ஒரு மணி நேரம் பொறுக்கீங்களா?”

திரும்பி நடக்க முடியலை. பஸ்ல ஏறினேன். அது வேற முதலாளி வண்டி. கண்டக்டர் எனக்குத் தெரிஞ்ச பையன். டிக்கெட் கட்டைக் கையில வெச்சுக்கிட்டு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுக் கேட்டான்.

“ஒண்ணா, ரெண்டா அண்ணாச்சி?”

அருவியை அன்னைக்கோட விட்டேன்.

இதுக்கு நடுவுல முதலாளி வீட்டுத் தட்டு ஒண்ணு இருக்கு. அதை மறந்துறக் கூடாது.

கிறிஸ்மஸ் அன்னைக்கு நான் கொண்டு போன பதினாறுல பெரிய தட்டு முதலாளி வீட்டுக்கு. முந்திரிக்கொத்து மட்டும் அம்பது. மறுநாள் முதலாளியம்மா நம்ம தட்டை அனுப்பலை. புதுசா வாங்கின எவர்சில்வர் தூக்கு நிறைய வெல்லப்பாகுல உருட்டுன மனோகரம் குடுத்து விட்டாங்க. இப்போ நம்ம தட்டு அவங்க வீட்டுல. அவங்க தூக்கு நம்ம வீட்டுல.

“தூக்கைக் கழுவி வெறுசாக் குடுத்தா நல்லாவா இருக்கும்? அதுவும் முதலாளி வீடு”ன்னு சாராள் அதிரசம் சுட்டா.

தூக்கு அதிரசத்தோட போச்சு. நம்ம தட்டு சுசியத்தோட வந்துச்சு. கூடவே அவங்க கிண்ணம் ஒண்ணுல ரவாலட்டும் வந்துச்சு. கிண்ணம் முந்திரிக்கொத்தோட போச்சு. ரெண்டு பொம்பளைகளும் விட்டுக் குடுக்கிற ஜாதி இல்லை. நடுவுல சைக்கிள் மிதிக்கிறது நான். மிதிச்சா இளைக்கும்னு ஒரு நப்பாசை. போற பக்கம் ஒரு தடவை உக்காரச் சொல்லித் தின்னக் குடுப்பாங்க. வந்த பிறகு தூக்கைத் திறந்து சாராள் ஒரு தடவை குடுப்பா.

முதலாளியம்மா ஒருநாள் சொன்னாங்க.

“சாராள் செய்யுத முந்திரிக்கொத்துன்னா அவுகளுக்கு உசுரு. சோறே வேண்டாங்காக. அதையே திங்காக.”

எனக்குச் சந்தோஷம். நம்ம வீட்டுக் கைப்பக்குவம் முதலாளிக்குப் பிடிச்சிருக்கு, நம்ம வேலைக்கு நல்லதுதானேன்னு அடுத்த நடைக்கு இன்னும் பத்து கூட வெக்கச் சொன்னேன்.

டிசம்பர் முப்பத்தொண்ணு மத்தியானம் வீட்டுல ரெண்டு பெஞ்சை ஒரு முழ இடைவெளியில போட்டேன். ஒருக்களிச்சு நடந்து பாத்தேன். போயிட்டேன்!

“பாத்தியா ஏளா?”

“பாத்தேன். பெஞ்சு ரெண்டும் நகந்து சுவத்துல ஒட்டிட்டு. பஸ் ஸீட்டு நகராது.”

ஜனவரி ஒண்ணு. ஆராதனையில மத்தவங்க எல்லாரும் நாட்டுக்காக ஜெபம் பண்ணுறாங்க. நான் என் வயித்துக்காகப் பண்ணேன். முடிஞ்சதும் நேரா ஷெட்டு. புது வண்டி பெயின்ட் வாசத்தோட மினுமினுன்னு நிக்குது. பாடி கட்டின மேஸ்திரி, டிரைவர் சண்முகம், முதலாளி மூணு பேரும் கீழ நிக்காங்க.

“பையை மாட்டிக்கிட்டு ஏறும் வே. பின்வாசல்ல இருந்து முன்வாசல் வரைக்கும் வாரும். பாப்போம்.”

ஏறினேன். மூச்சை உள்ள இழுத்தேன். முதல் வரிசை தாண்டிட்டேன். ரெண்டாவது வரிசையில சட்டை உரசுச்சு. முக்கி முக்கி, முன்வாசலுக்கு மூணு வரிசை இருக்கிற வரைக்கும் வந்துட்டேன்.

அவ்வளவுதான். முன்னாலயும் போகலை, பின்னாலயும் போகலை.

வெளிய இருந்து முதலாளி குரல்.

“என்னலே நிக்க?”

“டிக்கெட் கேக்கேன் முதலாளி.”

“யாருகிட்டலே கேக்க? வண்டி காலியாக் கெடக்கு!”

இனிமே பேசினா மூச்சு வெளிய போகும். மூச்சு போனா வயிறு வரும்.

முதலாளிக்குக் கோபம் வந்துட்டு. “ஒரு முழப் பாதையில ஒரு மனுஷன் நடக்க முடியாதாக்கும்? நான் நடந்து காட்டுதேன், பாரு!”ன்னு முன்வாசல் வழியா விறுவிறுன்னு ஏறிட்டாரு.

முதலாளி எப்பவும் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டுல ஏறி, அங்கனயே இறங்கிருவாரு. எந்த வண்டியிலயும் நடுப்பாதையில அவரு கால் பட்டு நான் பாத்ததில்லை. அன்னைக்குத்தான் முதல் தடவை. வேகமா வந்தாரு. ஒரு வரிசை வந்தாரு. ரெண்டு வரிசை வந்தாரு. எனக்கு நேர் எதிர்ல, கைக்கெட்டுற தூரத்துல நின்னாரு.

நிக்கலை. மாட்டிக்கிட்டாரு.

சட்டையில ஒரு பித்தான் தெறிச்சு என் தோல்பையில பட்டுச்சு. அவரு என்னைப் பாக்காரு. நான் அவரைப் பாக்கேன். டிரைவர் சண்முகம் வண்டிக்குப் பின்பக்கம் எதையோ தேடப் போயிட்டான். மேஸ்திரி ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு நிக்காரு.

பதினோரு வருஷப் பழக்கம் பாருங்க. என் வாய் என் பேச்சைக் கேக்காமச் சொல்லிட்டு.

“உள்ள போங்க, உள்ள போங்க. வாசல்ல நிக்காதீங்க.”

வேலை போச்சுன்னு கண்ணை மூடிட்டேன்.

ஆனா முதலாளி என்னை ஒண்ணும் சொல்லலை. தலையை மட்டும் திருப்பிக் கத்தினாரு.

“மேஸ்திரி! என்ன லட்சணத்துலவே ஸீட்டு போட்டிருக்கீரு? மனுஷ மக்க நடக்க வேண்டாமா?”

“நீங்க சொன்ன ஒரு முழந்தான் முதலாளி.”

“எந்த மடையன் முழம் அது?”

“நீங்கதான் கையை நீட்டிக் காட்டுனிய.”



ரெண்டு ஸீட்டைக் கழத்தித்தான் எங்களை வெளிய எடுத்தாங்க. முதலாளி கீழ இறங்கி, பித்தான் போன இடத்தைத் துண்டால மூடிக்கிட்டு நிதானமாச் சொன்னாரு.

“கூடப் போட்ட ஸீட்டு ரெண்டையும் எடுத்துரும். பாதையை இன்னும் ஒரு சாண் அகலமாக்கும். காசு குடுத்து வர்ற ஜனங்க இடிபட்டுக்கிட்டா போகும்? ஞானமுத்து, காலையில அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும். வந்துரும்.”

ரெண்டாந்தேதி அஞ்சு மணிக்குப் பையை மாட்டிக்கிட்டு நின்னேன். பாதையில தாராளமா நடந்தேன்.

பண்டிகையில உடம்பு ஏறாம இருக்க எனக்கு இன்னைக்கும் வழி தெரியாது. ஏறினாலும் வேலை போகாம இருக்கணும்னா, முதலாளிக்கும் சேத்து ஏத்தி விட்டுருங்க.