இடிக்குப் பிடுங்கிய வயர்

இடி இடித்தால் வீட்டிலுள்ள பிளக்குகளைப் பிடுங்குவதில் எங்கள் ஊர் அலுவிகாரையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் மின்னல் எந்தப் பக்கம் இறங்கும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். (சொன்ன இடத்தில் இதுவரை இறங்கியதில்லை. அது மின்னலின் பிழை.)

யுத்தம் ஓயாத காலம். என் மகள் செல்வி ரோட்டோரம் டெலிபோன் பேசவும் இன்டர்நெட் பார்க்கவும் ஒரு கொமியுனிகேஷன் கடை வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. புருஷன் ராஜா கத்தாரில். பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. அன்று பின்னேரம் கம்பியூட்டரில் காட்டுவதாக ஏற்பாடு. வேலைத்தளத்தில் அவனுக்குக் கிடைத்ததே ஒரு மணித்தியாலம்தான். அதற்காகக் கம்பியூட்டரின் சிஸ்டத்தைச் செல்வி புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இன்டர்நெட்ல இருந்து புரோகிராம் பொதியெல்லாம் ஒண்ணொண்ணா எறங்குது. தொட்றாதீங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் இடித்தது. நான் சும்மா இருப்பேனா? கம்பியூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். டெலிபோன் வயரையும் பிடுங்கி மேசைக்கடியில் தள்ளினேன். மின்னலுக்குக் கண்ணாடியை மூடுவதுபோலத் திரைக்கும் ஒரு சேலையைப் போர்த்திவிட்டு, ஊரையே காப்பாற்றியவள்போல உட்கார்ந்திருந்தேன்.

செல்வி வந்து சேலையை இழுத்துப் போட்டுவிட்டு பிளக்கைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெறும் வெள்ளை எழுத்து.

“ஐயோ! பாதியில நின்னு பொதியெல்லாம் ஒடஞ்சு கெடக்கு!”

“ஒடையிறதுக்கு அது என்ன அப்பளமா?” என்றேன்.

அவள் தட்டினாள், மறுபடியும் தட்டினாள். “சரிபண்ண மிச்சப் பொதிய இன்டர்நெட்ல எடுக்கணும். லைனே இல்ல!”

பரமேஸ்வரி பிள்ளையோடு வாசலில் நின்றாள். “பெரியம்மா, இன்னைக்கு விட்டா அவருக்கு மறுபடி எப்ப நேரம் கெடைக்குமோ” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

லைன் எங்கே என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் மரியாதை என்னாவது? “என் ஊசி விழுந்திருச்சு” என்று மேசைக்கடியில் தவழ்ந்துபோய் வயரைச் செருகினேன்.

மேலே எழுத்துகள் ஓடத் தொடங்கின. “பாத்தீங்களா, நான் தட்டின தட்டுக்கு எல்லாப் பொதியும் ஒழுங்காயிருச்சு!” என்று செல்வி குதித்தாள். (பெருமையை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். என் முழங்கால் வேறு பிடித்துக்கொண்டது.)

ராஜாவின் அழைப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து முழங்காலும் விட்டது. மேசையைப் பிடித்து எழுந்தேன்; தலையெல்லாம் ஒட்டடை, முகம் நேரே கேமராவுக்குள்.

“பரமு,” என்றது கத்தார்க் குரல், “புள்ளைக்கு அதுக்குள்ள நரைச்சிருச்சா?”

செல்வி என்னை இழுத்துத் தள்ளினாள். பரமேஸ்வரி பிள்ளையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். ராஜா அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதான். எங்களுக்கும் அழுகைதான்.

பிறகு ராஜா லீவில் வந்தபோது பேபி பவுடர் இரண்டு டின் கொண்டுவந்தான். ஒன்று பிள்ளைக்கு; மற்றதை என் கையில் வைத்து, “இது மூத்த மகளுக்கு” என்றான். அந்தப் பிள்ளை வளர்ந்து இப்போது என்னை “அக்கா” என்கிறாள். திட்டிப் பார்த்தேன், திருந்தவில்லை.

பவுடர் மட்டும் நல்ல வாசம்.