கதிர் மட்டும் தெளிவு

சாமித்தம்பி முதலைக்குப் பயந்தவனில்லை. இடுப்பளவு தண்ணியில் வாவிக்குள் நின்று வலை வீசுகிற ஆள். ஆனால் சட்டைப்பைக்குள் போன் நடுங்கினால் அவனும் கூட நடுங்குவான். அழைப்பது மனைவி இரத்தினம்மா.

பயப்படாமல் என்ன செய்வான்? நம்மட ஊர்ப் பக்கத்தில் வீடு சீதனமாகப் பெண்ணுக்குத்தானே. ஓடும் அவளுடையது, ஓட்டைத் தாங்குகிற சுவரும் அவளுடையது. அவனுடையதென்று அங்கே இருந்தது கொடியில் தொங்கிய இரண்டு சாரம்தான். போன வருசம் ஒரு பொய் பிடிபட்டு, இரண்டும் படலைக்கு வெளியே வந்து விழுந்தன. இன்னொரு பொய் சொன்னால் ஆளும் விழுமென்று சொல்லி வைத்திருந்தாள்.

அப்படியிருந்தும் பாருங்கள், அன்று காலை, "வட்டைக்குப் போறன் புள்ள, வயலுக்குத் தண்ணி கட்டோணும்" என்று புறப்பட்டவன், வவுணதீவுக் கரையில் கூட்டாளிமாரோடு கள்ளும் நண்டுக்கறியுமாகக் குந்தியிருந்தான். பத்து மணிக்குப் போன் நடுங்கியது.

"இஞ்சேருங்க, எங்க நிக்கிறீங்க?"

"வயலுக்குள்ளதான் புள்ள."

"அப்ப ஒரு படம் எடுத்து அனுப்புங்க பாப்பம்."

ஏறின கள்ளெல்லாம் ஒரே மூச்சில் இறங்கிப் போனது. "ஜெயந்தன், நான் செத்தன்டா!"

கூட்டாளிமாரில் ஒருத்தனான ஜெயந்தன் செங்கலடியில் கலியாணப் படம் பிடிக்கிறவன். கமராவைத் தூக்கினான்.

"பதறாதீங்க அண்ணன். பொண்ணு மாப்பிள்ளையைத் தெளிவா எடுத்து, பின்னால சோத்துக்குச் சண்டை பிடிக்கிறவங்களை மறைக்கிறதுதானே என்ட தொழில். லென்ஸை முழுசாத் திறந்து, கிட்ட நிண்டு எடுத்தா, தூர இருக்கிறதெல்லாம் கரைஞ்சிரும்."

"கள்ளு முட்டி?"

"கரையும்."

"அடுப்பு?"

"அதுவும் கரையும்."

"நண்டு?"

"அதைத் தின்னுங்க அண்ணன், மறைஞ்சிரும்!"

வயலில் நிற்கிற மாதிரித் தெரியட்டுமென்று, பக்கத்துக் காணியில் ஒரு நெற்கதிரை முறித்துக் கையில் கொடுத்தான். சாமித்தம்பி அதைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான். படம் போனுக்கு வந்தது. கதிர் மணிமணியாகத் தெளிவு. பின்னால் மூன்று கூட்டாளிமாரும் மூன்று மங்கல் பொட்டு. முட்டி தெரியுதா, புகை தெரியுதா, ஆள் தெரியுதா என்று மூன்று தரம் தேடிப் பார்த்துத்தான் அனுப்பினான்.

பதிலுக்குப் பார்த்திருந்தான். ஐந்து நிமிசம். பத்து நிமிசம். பிறகு போன் நடுங்கியது.

"படம் நல்ல வடிவு. கதிர் நல்லாப் பழுத்திட்டு என்ன?"

அவனுக்கு உயிர் வந்தது. "ஓம் புள்ள, பொன் மாதிரி! நம்மட மண் அப்பிடி!"

"விதைச்சு எத்தினை நாள்?"

சாமித்தம்பி விரலை மடக்கி எண்ணினான். நாற்பதில் விரல் நின்றுவிட்டது. அவன் வயலில் பயிர் இன்னும் முழங்காலளவு பச்சை. கதிர் எட்டிப் பார்க்கவே ஒரு மாதம் கிடக்கிறது. பின்னால் இருந்ததை மூன்று தரம் பார்த்தவன், கையில் பிடித்திருந்ததை ஒருதரமும் பார்க்கவில்லை.

"புள்ள, அது வந்து..."

"ஒண்டும் வர வேணாம். நீங்களும் வர வேணாம். நேரா வயல் காவல் வாடிக்குப் போங்க. நம்மட கதிர் அந்த நிறத்துக்குப் பழுக்குமட்டும் அங்கதான் படுக்கை. விடிய ஒரு படம், பொழுதுபட ஒரு படம் எனக்கு வரோணும்."

"ஐயோ, பொழுதுபட்டா ஆனை வாற இடம் புள்ள!"

"பின்னால நிண்டா அதுவும் படத்தில தெளிவா விழோணும்."