காதொளியார் படித்த மூன்று உறைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மெத்தைக் கடை மாடியிலுள்ள வாடகை மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் வருமாறு. மேடையில், சுழல் நாற்காலியில், காதொளியார். பக்கத்தில் ஆளுயர ஒலிபெருக்கி. வருகிறவர்களுக்குக் காது மந்தம் என்பதால் சத்தம் கூடுதல். முதல் வரிசையில், காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்கும் பேருந்து ஓட்டுநர். அவரை அடுத்து, சுவரைப் பிடித்தே நடக்கும் ரொட்டிக்கடை அம்மா. இரண்டாம் வரிசை ஓரத்தில், சாய்ந்தால் தாங்கிக்கொள்ளத் தூண் பக்கமாக, பெயிண்டர். அவனுக்கு இடப்பக்கம் அவன் அக்காள், கும்பிட்ட கையோடு. வலப்பக்கம் அவன் மனைவி, மடியில் மூன்று உறைகளோடு. பின்னால் இருநூறு பேர், நானூறு காதுகள்.

தலைசுற்றல், இரைச்சல், அடைப்பு என்று உள்காதில் வரும் கோளாறு எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தைக் காதொளியார் கண்டுபிடித்திருந்தார். அடுத்தவருடைய வயிற்றெரிச்சல் காது வழியாக இறங்கி உள்ளே சுருண்டு படுத்துக்கொள்கிறதாம். அதை இழுக்க மெழுகில் தோய்த்த துணிக்குழல் தருவார். ஒருக்களித்துப் படுத்து, ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையைக் கொளுத்த வேண்டும். எரிந்து மிஞ்சும் அடிக்கட்டைக்குள் பழுப்பாகக் கசடு இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல். மூன்று நாள், மூன்று குழல். கட்டைகளைக் கொண்டுவந்தால் யாருடைய எரிச்சல் என்று சபையில் படித்துச் சொல்வார். காதில் பூச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் கொள்ளியே வைத்தார். சனங்கள் வரிசையில் நின்று வைத்துக்கொண்டார்கள்.

பெயிண்டருக்குத் தலைசுற்றல் வந்தது ஆறு மாதத்துக்கு முன்னால். மூன்றாம் மாடி உயரத்தில் சாரத்தில் நின்று சுவருக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தான். சுவர் மெல்லத் திரும்பியது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான், கண்ணுக்குள்ளும் திரும்பியது. அன்றிலிருந்து அவனுக்குத் தரையில் நின்றபடி கேட்டுக்கும் கதவுக்கும் பெயிண்ட் அடிக்கிற வேலைதான். மேஸ்திரி சொல்லிவிட்டார்: "மேல ஏற முடியலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்பா. கோவிச்சுக்காத."

அந்த நேரத்தில்தான் அவன் போய்க் காட்டியிருந்த பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. உள்காதுத் தலைசுற்றலுக்கு ஒரு புது மருந்தைச் செவிப்பறை வழியாக ஊசியால் செலுத்திப் பார்க்கிறோம், சேர விருப்பமானால் புதன்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று. பலன் இருக்குமா, தெரியாது. எத்தனை நாள் நிற்கும், தெரியாது. நான்கு பக்கத்தில் ஏழு 'தெரியாது'. பெயிண்டர் எண்ணிப் பார்த்தான்.

"தெரியாதுன்னு எழுதி அனுப்பறவன்கிட்ட காதைக் குடுக்கணுமாக்கும்," என்றாள் அக்காள். "காதொளியார் நூத்துக்கு நூறுங்கறார். அதுவும் ஊசி கெடையாது."

ஊசி கிடையாது என்பது பெயிண்டருக்குப் பிடித்திருந்தது.

மனைவி ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் எழுத்தர். வருகிற கடிதத்துக்கு எண் போடாமல் அவளால் பேசக்கூட முடியாது. அந்தக் கடிதத்தையும் எண் போட்டு இரண்டு முறை படித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இங்க பாருங்க. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுங்கறது ஒட்டின கவருக்குள்ள. ஊசி போடற டாக்டருக்கே தெரியாதாம்."

"அது என்ன வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லீங்க. தெரிஞ்சா மனசு தானா ஒரு பக்கம் சாஞ்சுடும். அதே மாதிரி உங்க காதொளியாரையும் ஒருதரம் சோதிச்சுப் பாத்துடலாம். அவர் ஜெயிச்சா இந்தக் கடிதத்தை நானே கிழிச்சுப் போடறேன்."

முதல் குழலை அவன் காதில் கொளுத்தினாள். இரண்டாவதை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த காலிக் கோந்து பாட்டிலில் செருகிக் கொளுத்தினாள். மூன்றாவதைத் துணிக்கொடி கிளிப்பில் மாட்டித் தட்டின் மேல் எரியவிட்டாள். ஒவ்வொரு கட்டையோடும் எங்கே எரிந்தது என்று ஒரு சீட்டை மடித்து, ஒரே மாதிரி உறைகளில் வைத்தாள். அவள் திரும்பிக்கொள்ள, பெயிண்டர் உறைகளைக் கலைத்து மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினான். எதில் எது என்று இருவருக்குமே தெரியாது. காதொளியார் ஜெயிக்க வேண்டும் என்று அவன் உள்ளூர வேண்டிக்கொண்டதை மட்டும் சீட்டில் எழுதவில்லை.

இப்போது சபையில் அவன் முறை. காதொளியார் முதல் உறைக்குள் விரலை விட்டுக் கட்டையை மட்டும் எடுத்துப் பிரித்தார். கசடை முகர்ந்தார்.

"பங்காளி. கூடப் பொறந்த மாதிரி பழகிட்டு உள்ளுக்குள்ள எரியறான். இடது கால் தாங்கித் தாங்கி நடப்பான்."

"எங்க சித்தப்பா மகன்," என்றாள் அக்காள். அவன் போன வாரம் ஆணியை மிதித்திருந்தான்.

இரண்டாவது கட்டை. காதொளியார் கண்ணை மூடினார். "இது பொம்பளை எரிச்சல். பக்கத்து வீடு. வாசல்ல நின்னு பாக்கறா." பக்கத்து வீட்டில் பெண்களும், அந்த வீட்டுக்கு வாசலும் இருப்பதை நினைத்துச் சபை சிலிர்த்தது.

மூன்றாவது. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா? வெளுத்துப் போச்சு. மூணாம் நாளோட எல்லாம் எறங்கிடுச்சு. தம்பி, உன் காது சுத்தம். நாளைக்கே சாரம் ஏறு."

இருநூறு பேர் கைதட்டினார்கள். பெயிண்டர் கும்பிட எழுந்தான். மண்டபம் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றியது. தூணைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள சீட்டு இருக்குங்க," என்றாள் மனைவி, எழுந்து நின்று. "எந்தக் கட்டை எங்க எரிஞ்சதுன்னு. அண்ணி, நீங்களே படிங்க. நான் படிச்சா நம்ப மாட்டாங்க."

அக்காள் மேடைப் படியேறி உறைகளை வாங்கினாள். ஒலிபெருக்கி கூடுதல் சத்தத்திலேயே இருந்தது.

"ஒண்ணு," என்றாள். சீட்டைப் பிரித்தாள். "கோந்து பாட்டில்."

அடுத்த உறையை எடுத்தாள்.

"ரெண்டு. துணிக்கொடி கிளிப்." குரல் இறங்கிவிட்டது. "மூணு. என் தம்பி காது."

காதொளியார் பதறவில்லை. அனுபவஸ்தர். "பாட்டிலுக்கும் வயிற்றெரிச்சல் எறங்கும்மா. எந்தப் பொருளுக்கும் எறங்கும்."

"எறங்கட்டுங்க," என்றாள் மனைவி. "கோந்து பாட்டிலுக்குப் பங்காளி யாரு? அதை மட்டும் சொல்லுங்க."

முதலில் சிரித்தவர் பேருந்து ஓட்டுநர். ரொட்டிக்கடை அம்மா தன் பையிலிருந்து புதுக் குழலை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் நிறுத்திக் கொளுத்தினாள். அது எரிந்து தீரும்வரை மண்டபம் காத்திருந்தது. அடிக்கட்டையை அவளே பிரித்தாள். பழுப்புக் கசடு.

"மெழுகும் கரியும்," என்றாள் தட்டிப் பார்த்து. "அடுப்படியில தெனம் தொடைக்கறேன்."

டம்ளரின் வயிற்றெரிச்சல் யாருடையது என்று படித்துச் சொல்லக் காதொளியார் அங்கே இல்லை. சுழல் நாற்காலி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பாதி எழுந்து போனது. மீதிப் பாதி, டோக்கன் வாங்கிவிட்டோமே என்று உட்கார்ந்திருந்தது.

வீட்டில் அக்காள் அந்த மூன்று சீட்டுகளையும் இன்னொருதரம் படித்தாள். பிறகு, "அந்தப் பையன்கிட்ட இனிமே பேசவே கூடாதுன்னு சபையிலேயே நெனச்சுட்டேன்டா," என்றாள். சித்தப்பா மகனைத்தான் சொன்னாள்.

பெயிண்டர் ஆஸ்பத்திரிக் கடிதத்தை விரித்தான். "எனக்கு உப்புத்தண்ணி வந்துட்டா?"

"வரலாம். அதையும் எழுதி வெப்பாங்க. மருந்து தோத்தா தோத்துச்சுன்னும் எழுதுவாங்க."

"ஊசி வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்கும்னு போட்டிருக்கு. அது ஒண்ணுதான் தெரியும்னு போட்டிருக்கு."

அவன் கையெழுத்துப் போட்டான். அவள் நகலுக்கு எண் போட்டாள். புதுக் கோந்து பாட்டிலைத் திறந்து உறையின் ஓரத்தில் தடவி, அவன் கட்டைவிரலால் அழுத்தினான். தெருமுனைவரை சுவரைத் தொட்டபடி நடந்தான்.

தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவரை ஏழு கேள்வி கேட்கிறோம். எல்லாம் தெரியும் என்கிறவரிடம் ஒன்றுகூடக் கேட்காமல் காதை நீட்டுகிறோம். அடுத்த முறை நீட்டுவதற்கு முன், வீட்டில் காலி பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உறை தபால் பெட்டிக்குள் விழுந்தது. அந்தச் சத்தம், தெரு இரைச்சலையும் தாண்டி, அவனுக்குக் கேட்டது.